ஓட்டையில் போன பேர்

பாதி வட்டம் கையில் இருந்தது. மீதிப் பாதியைத்தான் காணோம். சபூரா அந்தத் துண்டுக் காகிதத்தைச் சன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். தொப்பி வைத்த சுல்தான் ஒருவர் அதில் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார், அவர் கன்னத்தை உரசிக்கொண்டு கறுப்பு மையில் தபால் முத்திரை, அதுவும் அரை வட்டம், உடைந்த வளையல் மாதிரி. வளையலின் மறுபாதி ஏதோ ஓர் உறையின் மேல் இருக்கிறது. அந்த உறை இந்த அரிசிச் சாக்குக்குள் இருக்கிறது. சாக்குக்குள் கையை விட்டால் முழங்கை வரைக்கும் பழைய காகிதம், ஊறாத அவல் மாதிரி மொரமொரப்பு, அவசரமாகத் துழாவினால் ஓரம் நொறுங்கும், மெதுவாகத் துழாவினால் அதற்குள் புள்ளை எழுந்துவிடும். தூளிக் கயிற்றின் நுனி அவள் கால் பெருவிரலில் சுற்றியிருந்தது. ஒரு இழுப்பு இழுத்தாள். தூளிக்குள்ளிருந்து மிஸ்ரியா பெருமூச்சு விட்டாள், இப்போதுதான் நடக்கப் பழகுகிற புள்ளைக்கு அப்படி என்ன கவலையோ, குமரைக் கரையேற்றிவிட்டு உட்கார்ந்த பெரிய மனுஷி மாதிரி ஒரு மூச்சு, பிறகு சப்புக்கொட்டுகிற சத்தம். அடுப்பங்கரையில் மாமி மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சலக், சலக், சலக். அந்தச் சத்தம் இருக்கிற வரைக்கும் நேரம் இருக்கிறது. அது நின்றால் மாமி வருவாள், இடுப்பில் செருகிய போனை எடுப்பாள், வா புள்ள பேசு என்பாள். என்ன பேச வேண்டும் என்று சபூராவுக்குத் தெரியும். ஒரே ஒரு வார்த்தை. வந்துடுங்க. காலையிலிருந்து அந்த வார்த்தை தொண்டைக்குழியில் மீன் முள்ளு மாதிரி குறுக்கே நிற்கிறது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

சிங்கப்பூரில் கப்பல் செப்பனிடுகிற பட்டறையில் இலியாசுக்கு வேலை. வயிற்றில் இருக்கிறது என்று தெரிந்த கையோடு கடல் கடந்து சபர் போனவர், மகளை இன்னும் கையில் தூக்கியதில்லை. இப்போது பர்மிட் முடியப் போகிறது, இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறாயா, ஊருக்குப் போகிறாயா என்று முதலாளி கேட்கிறாராம், இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் சொல்லியாக வேண்டுமாம். கேட்கிறாராம், வேண்டுமாம், எல்லாமே மாமி வாய் வழியாக வருகிற ‘ஆம்’தான். காலையில் அவர் பேசிப் பதிந்து அனுப்பிய குரல் வந்தது, ஆனால் அது சபூராவின் காதுக்கு வரவில்லை. வீட்டில் இருக்கிற பெரிய போன் ஒன்று, அது மாமியுடையது, மகன் உம்மாவுக்கென்று வாங்கி அனுப்பியது. குரல் வந்தால் மாமி அதைக் கொல்லைப் பக்கம் எடுத்துக்கொண்டு போவாள், கிணற்றடியில் நின்று காதோடு அழுத்தி வைத்துக் கேட்பாள், கேட்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். பிறகு வந்து, “நல்லாயிருக்கானாம். சளி புடிச்சிருக்காம். ஒன்னயும் புள்ளயயும் கேட்டான்” என்பாள். அடுப்பில் ஒரு ஆனம், ஒரு குழம்பு, ஆக்குகிற நேரத்துக்கு அவர் பேசியது மூணு வாக்கியமாகச் சுருங்கி வரும். கேட்டான் என்றால் எப்படிக் கேட்டார், பேரைச் சொல்லிக் கேட்டாரா, என் மருமவ என்று மாமி சொல்கிற மாதிரி பொதுவாகக் கேட்டாரா, சிரித்துக்கொண்டே கேட்டாரா. அதையெல்லாம் மாமியிடம் போய் எப்படிக் கேட்பது. வெட்கம். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியபோதுகூட ஏன் என்று கேட்காத வாய் அது. மாமி கெட்டவள் இல்லை. பிரசவத்தில் கூடவே இருந்தாள், அவள் கைப்பக்குவத்தில்தான் உடம்பு தேறியது. ஆனால் சபூரா பேசுகிறபோது பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், ஒரு முழங்காலை மடக்கி, தாடையில் கை வைத்து. அப்படி ஒருத்தர் உட்கார்ந்திருந்தால் வாயில் வருகிறது எல்லாம் ஒன்றுதான். நல்லாயிருக்கோம். புள்ள நல்லாயிருக்கா. ஒடம்பப் பாத்துக்குங்க. இதை அவர் அங்கே எத்தனை தடவை கேட்டிருப்பார், அச்சடித்த மாதிரி. இதுக்கு மேல சபூராவுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்றுகூட நினைத்திருப்பார். நினைத்துத்தான் ரெண்டு வருஷமா, போகட்டுமே என்று.

சலக், சலக். சாக்குக்குள்ளிருந்து ஒரு பிடி உறைகளை எடுத்து மடியில் பரப்பினாள். ஒவ்வொன்றின் வலது மூலையிலும் சதுரமாக ஓட்டை. அத்தனையும் அவள் கத்திரி செய்த வேலை. சபர் போகிறதுக்கு முன்னால் இலியாஸ் பழைய பேப்பர் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார், கடைத்தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு மண்டியை இடிக்கும்போது அங்கே கிடந்த காகிதமெல்லாம் கடைக்கு வந்தது, அதில் இந்தச் சாக்கை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டு, “ஸ்டாம்ப்ப மட்டும் வெட்டி வையி, யாராச்சும் கேட்டு வருவாங்க” என்றார். அவர் சொல்லிவிட்டுப் போன ஒரே வேலை அதுதான். மசக்கையில் வாந்தி எடுத்துவிட்டு வந்து வெட்டுவாள், இடுப்பு வலிக்கிறபோது சுவரில் சாய்ந்து வெட்டுவாள், வெட்டியதையெல்லாம் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள், அவர் வந்ததும் டப்பாவை நீட்ட வேண்டும் என்று. அப்புறம் புள்ளை பிறந்து, பிறப்புச் சான்றிதழை நகல் எடுக்க எஸ்தர் அக்கா கடைக்குப் போனபோது, அந்தத் தாள் கசங்காமல் இருக்கட்டும் என்று பெரிய உறை ஒன்றுக்குள் வைத்து எடுத்துப் போனாள். எஸ்தர் அக்கா தாளைப் பார்க்கவில்லை. உறையைத்தான் பார்த்தாள். திருப்பினாள், மறுபடி திருப்பினாள், மெஷினை நிறுத்தினாள். “தங்கச்சி, இத வெட்டுனது யாரு?” சபூரா தலையைக் குனிந்துகொண்டு நாந்தான் என்றாள். “ஐயோ, ஒங் கைய ஒடைக்கணும்டி!” என்று எஸ்தர் அக்கா கத்தினதில், வரிசையில் நின்ற ஆட்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், சபூராவுக்குக் காதோரம் சுட்டது, ஓடிவிடலாம் என்று புள்ளையை இடுப்பில் ஏற்றினாள். ஆனால் அந்த அக்கா கையைப் பிடித்து உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தாள். கடைக்குப் பின்னால், தாள் கட்டுகளுக்கு நடுவே, அவளும் இந்த மாதிரி உறைகளைத்தான் சேர்த்து வைத்திருந்தாள். ஸ்டாம்ப்பு கெடக்குது போ, இதப் பாரு என்று உறையின் ஓரத்தில் ஒட்டியிருந்த நீள காகிதப் பட்டையைக் காட்டினாள். சபூரா அதை உறை கிழிந்ததற்கு யாரோ போட்ட ஒட்டு என்றுதான் நினைத்திருந்தாள். அதில் இங்கிலீசில் அச்சடித்திருக்கிறது, பரிசோதகர் பிரித்தார் என்று. யுத்த காலம், எல்லார் கடுதாசியையும் சர்க்கார் பிரித்துப் படிக்கும், படித்துவிட்டுப் பட்டையை ஒட்டி, வட்டமாக ஒரு சீல் குத்தி, போகலாம் என்று விடும். “முழு உறையா இருந்தாத்தான்டி அது எங்க பொறப்பட்டுச்சு, எங்க நின்னுச்சு, எவன் படிச்சான், எப்ப வந்துச்சுன்னு சொல்லும். நீ வாய வெட்டிப்புட்டியே.”

வாயை வெட்டிப்புட்டேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, அவமானத்தில் இல்லை, அது கொஞ்ச நேரத்தில் ஆறிவிட்டது, வேறொன்று குடைந்துகொண்டே இருந்தது. எவன் படிச்சான். அதுதான் குடைந்தது. பட்டையில் ஒரு நம்பர் இருக்கும், அந்த நம்பர் ஒரு ஆள். மேசை போட்டு உட்கார்ந்திருப்பாரா, தரையில் பாய் விரித்தா. எதிரே கடுதாசி மலையாகக் குவிந்திருக்கும், யாரோ யாருக்கோ எழுதினது, மாடு கன்னு போட்டது, தங்கச்சிக்கு மாப்பிள்ளை வந்தது, கடைக்காரன் ஏமாற்றியது, எல்லாம் படிக்க வேண்டும், படித்தால் சிரிப்பு வராதா, பக்கத்து நம்பரிடம், இதக் கேளுங்க என்று சொல்ல மாட்டாரா. அழுகை வந்தால் என்ன செய்வார். வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்கிறபோது எவன் பெண்டாட்டியோ எழுதினது நடுவில் வந்து நிற்காதா. அப்புறம் ஒரே வீட்டுக் கடுதாசி மறுபடி மறுபடி அவர் கைக்கே வந்தால், அந்த வீட்டு ஆள் மாதிரியே ஆகிவிடுவாரே, போன கடுதாசியில் கால் வலி என்று எழுதினாளே, இந்தத் தடவை ஒன்றும் காணோமே என்று அவருக்கும் பதைக்குமே. ஆனால் எழுதுகிறவர்களுக்கு அவர் ஒரு ஆள் என்றே தெரியாது. இல்லை, தெரியும். தெரிந்ததால்தான் நல்லாயிருக்கோம் நல்லாயிருக்கோம் என்று எழுதியிருப்பார்கள். சபூரா மிச்சமிருக்கிற கடுதாசிகளில் எழுத்துக்கூட்டிப் பார்த்திருக்கிறாள், எல்லாரும் நலமாகத்தான் இருக்கிறார்கள், அந்தப் பக்கமும் நலம், இந்தப் பக்கமும் நலம், நடுவில் உலகமே எரிந்துகொண்டிருந்ததாம். பிறகுதான் வெட்டின துண்டுகளையும் உறைகளையும் சேர்க்கிற வேலையை எடுத்துக்கொண்டாள். முத்திரை பாதி ஸ்டாம்ப்பில் இருக்கும், பாதி உறையில் இருக்கும், ரெண்டையும் பக்கத்தில் வைத்தால் வட்டம் கூடும். பசை போடாதே, செல்லோ டேப்பக் கண்ணுலயே காட்டாதே, சேத்துச் சேத்து பிளாஸ்டிக் உறைக்குள்ள வையி, போதும் என்று எஸ்தர் அக்கா சொல்லியிருக்கிறாள். எத்தனையோ கூடின. இந்தச் சுல்தான் மட்டும் கூடவில்லை.

கூடவில்லை என்றால் உறை இல்லாமலே போயிருக்கலாம், எலி, கரையான், அல்லது மாமி. ஒருநாள் மாமி இதில் ஒரு பிடியை அள்ளி அடுப்புப் பற்றவைக்கப் போனாள், சபூரா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள், மாமியின் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை, ரெண்டு பேருமே திடுக்கிட்டு நின்றார்கள். “குப்பையக் கட்டிக்கிட்டு அழுவுறா பாரு, பெரிய ராணி” என்று மாமி முனகிக்கொண்டே விட்டுவிட்டாள். அப்படி அடுப்புக்குப் போகாமல் தப்பியதில்தான் அந்தக் கடுதாசி இருந்தது. அதை எடுக்கக் கூடாது, எடுத்தால் அதிலேயே உட்கார்ந்துவிடுவோம் என்று நினைத்துக்கொண்டே அலமாரித் தட்டிலிருந்து அதை எடுத்தாள். நாலாக மடித்த தாள், ரெண்டு பக்கமும் எழுத்து, நடுவில் விரல் நீளத்துக்கு ஓட்டை. கத்திரி இல்லை, பிளேடு. வளையாமல் நெளியாமல் அளந்து வெட்டினது. எழுத்து தமிழ் எழுத்து இல்லை, அரபி எழுத்து, ஆனால் பாஷை தமிழ், அந்தக் காலத்தில் நம்மாட்கள் அப்படித்தான் எழுதுவார்களாம், ஓதப் படித்தவர்களுக்கு அது போதும். சபூரா மதரசாவில் ஓதியவள், அதனால் விரலை வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்துவிட்டாள். படித்து முடித்தபோது முதலில் வந்தது சந்தோஷம், அடுத்து வந்ததுதான் ஆச்சரியம். இதைப் பிரித்துப் படித்த அந்த நம்பருக்கும் இந்த எழுத்து தெரிந்திருக்கிறதே! அப்படியானால் அது வெள்ளைக்காரன் இல்லை. நம்மாளு. வலது பக்கமிருந்து படிக்கத் தெரிந்தவர், எந்த ஊர் மனுஷரோ, அவருக்கும் ஒரு உம்மா, ஒரு பெண்டாட்டி. முன்பக்கத்தில் எழுதியவர், இன்ஷா அல்லா புறப்பட்டு வருகிறேன் என்கிறார், வருகிறேன் என்பது இருக்கிறது, எந்தக் கப்பல், எப்போது என்பது இருந்த இடத்தில் ஓட்டை. சரி, அது சண்டைக் காலம், கப்பல் விவரம் எழுதக் கூடாது, நம்பர்காரர் வெட்டினார். ஆனால் தாளைத் திருப்பினால், பின்பக்கம், அதே ஓட்டை. அங்கே என்ன இருந்தது? ஆண் மகவானால் முகம்மது யூசுப் என்றும், பெண் மகவானால், ஓட்டை, என்றும் பேர் வைக்கவும். கப்பலை வெட்டியபோது, மறுபக்கத்தில் இருந்த பேர் தானாகப் போய்விட்டது. அவர் திருப்பிப் பார்க்கவில்லை.

திருப்பிப் பார்க்கவில்லை, இல்லை, பார்த்தாரோ, வெட்டின பிறகு பார்த்தாரோ, அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் கப்பல், ஒரு பக்கம் பேர், ஐயோ என்று உட்கார்ந்திருப்பாரோ. அந்தத் துண்டை என்ன செய்வார்கள், அதையும் ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்களா. இங்கே, இதே நாகப்பட்டினத்தில் அவள், பேர் தெரியாத அந்தப் பெண், நிறைமாசமோ பெற்றுவிட்டாளோ, கடுதாசியைப் பிரிக்கிறாள், ஓட்டை வழியாக அவள் மடியே தெரிகிறது. பெண் பிறந்திருந்தால் என்ன பேர் வைத்திருப்பாள். ஆண் பிறந்திருந்தால் கவலை இல்லை, யூசுப். பெண் என்றால்? காத்திருப்பாளா, அவர் வந்து சொல்லட்டும் என்று, புள்ளையைப் பாப்பா பாப்பா என்றே கூப்பிட்டுக்கொண்டு. இல்லை, மாமியார் வைத்திருப்பாள். மாமியார் சும்மா இருப்பாளா. இந்த இடத்துக்கு வருகிறபோதெல்லாம் சபூராவின் நினைப்பு ஒரு ஆணியில் மாட்டிக்கொள்ளும், சேலை மாட்டிக்கொள்கிற மாதிரி. மிஸ்ரியா. புள்ளை பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று போனில் பேசிவிட்டு வந்த மாமி, “மிஸ்ரியான்னு வைக்கச் சொல்றான்” என்றாள். நல்ல பேர்தான், பழைய காலத்துப் பேர். ஆனால் போகிறதுக்கு முந்தின ராத்திரி அவர் கையை இவள் வயிற்றில் வைத்து, பொட்டப் புள்ளன்னா ஒரு பேரு வச்சிருக்கேன், இப்பச் சொல்ல மாட்டேன் என்றாரே, சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்ததே, பழைய பேர் ஒன்றைச் சொல்வதற்கு யாராவது அவ்வளவு வெட்கப்படுவார்களா. மிஸ்ரியா என்பது அவர் வாயிலிருந்து வந்ததா, வராந்தாவிலிருந்து கட்டிலுக்கு வருவதற்குள் வேறாகிவிட்டதா. கேட்டால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது. ஆனால் இவ்வளவு நாள் கழித்து மகளின் பேரை இது யார் வைத்த பேர் என்று கேட்டால், கேட்கிற வாய் கோணலாகத்தானே தெரியும்.

அந்தப் பெண்ணிடம் கடுதாசி எழுதியவர் வந்து சேர்ந்தாரா. அதுவும் தெரியாது. யுத்தத்தில் கப்பல்கள் முழுகியிருக்கின்றன, எஸ்தர் அக்கா சொல்லியிருக்கிறாள், சபூரா அதற்கு மேல் கேட்கவில்லை. முழுகுகிறது என்றாலே இலியாசின் பட்டறை ஞாபகம் வரும், இரும்புச் சட்டத்தில் ஏறி நின்று பற்றவைக்கிறாராம், கீழே தண்ணீராம், இதைக்கூட அவர் சொன்னாரா, மாமியிடம் யாராவது சொன்னார்களா. ரெண்டு வருஷம். மிஸ்ரியாவிடம் வாப்பா எங்கே என்று கேட்டால் போனைக் காட்டுகிறாள். காட்டுவது மட்டுமா, எச்சில் வாயால் அதைக் கடிக்கிறாள். அவளுக்கு வாப்பா என்றால் சிலேட்டு மாதிரி வழுவழுப்பாக, ஓரத்தில் சூடாக இருக்கிற ஒரு சாமான். இன்னும் ரெண்டு வருஷத்தில் அவள் பேசுவாள், ஓடுவாள், அன்றைக்கு வாசலில் பெட்டியோடு ஒரு ஆள் வந்து நின்றால், யாரோ வந்திருக்காங்க என்று உள்ளே ஓடிவந்து சொல்வாள். தூளியை இழுத்தாள். இன்னும் கொஞ்சம் தூங்கு புள்ள. மாமிக்கு அவர் அங்கே இருப்பதுதான் இஷ்டம், மாடி பாதியில் நிற்கிறது, கம்பிகள் வானத்தைப் பார்த்துத் துருப்பிடிக்கின்றன, ஒவ்வொரு மழைக்கும் மாமி அதைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறாள். வந்துடுங்க என்று சொன்னால் மாமியின் முகம் எப்படிப் போகும். சொல்லாவிட்டால். அவள் கை தன்பாட்டுக்கு உறைகளைப் புரட்டிக்கொண்டிருந்தது, ஒவ்வொன்றின் ஓட்டையிலும் சுல்தானை வைத்துப் பார்ப்பதும் எடுப்பதுமாக, இது நேர் விளிம்பு, அது சாய்ந்த விளிம்பு, இதில் மை நீலம், இது இல்லை, இது இல்லை, இது. இது. விரல் நின்றது. வெட்டு விளிம்பு பல்லோடு பல் பொருந்துகிற மாதிரி உட்கார்ந்தது. அரை வட்டத்தோடு அரை வட்டம் தொட்டது. கிடைத்துவிட்டது! எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். ஈப்போ, மலாயாவில் இருக்கிற ஊர். ஓரத்தில் பரிசோதகர் பட்டை, பட்டையின் மேல் வட்ட சீல், அதன் கீழே மையில் எழுதிய மேல்விலாசம், அதற்குப் பக்கத்தில் அரபி எழுத்தில் சின்னதாக, அல்லா பேர் சொல்லித் தொடங்குகிற ஒரு பிஸ்மி. அந்த வளைவு, அந்தப் புள்ளி வைக்கிற சாய்வு. அலமாரிக் கடுதாசியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதே கை. ஓட்டைக் கடுதாசி இதற்குள்தான் வந்திருக்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும், எஸ்தர் அக்காவிடம், இலியாசிடம், யாரிடமாவது, அப்போதுதான் ஒன்று உறைத்தது. சலக் சத்தம் நின்று வெகு நேரமாகிவிட்டது.

“என்ன புள்ள, இன்னுமா அந்தக் குப்ப?” மாமி நிலைப்படியில் நின்றிருந்தாள், முழங்கை வரைக்கும் வெள்ளை, மூக்கு நுனியிலும் மாவு. வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், ஒரு முழங்காலை மடக்கி, அவள் உட்காருகிற மாதிரி. தூளிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு தரையில் விரித்திருந்த கடுதாசி மேல் அவள் கண் போனது. “இது ஓதுற எழுத்துல்ல?” என்று குனிந்தாள். கையை முந்தானையில் துடைக்காமலே, தொடாமல், விரலை மேலே மேலே ஓட்டிப் படித்தாள், சபூராவைவிட வேகமாக, வாய்க்குள்ளே முணுமுணுத்து. “பெண் மகவானால்… இதென்ன ஓட்ட, எலி தின்னுச்சா?” “இல்ல மாமி. சண்டக் காலம். சர்க்கார்ல பிரிச்சுப் படிச்சு வெட்டிட்டாங்க. அந்தப் பக்கம் கப்பல் பேரு இருந்துச்சு போல.” இவ்வளவு நீளமாக மாமியிடம் பேசியது எப்போது என்று சபூராவுக்கே ஞாபகமில்லை. மாமி மூக்கில் விரலை வைத்தாள், அங்கே இன்னும் கொஞ்சம் மாவு. “அடப் பாவி. கப்பல வெட்டப் போயி புள்ளப் பேர வெட்டிப்புட்டானே! திருப்பிப் பாக்க வேணாம், முட்டாப் பய?” “நம்மாளுதான் மாமி. நம்ம எழுத்து தெரிஞ்சவங்கதானே படிச்சிருக்க முடியும்.” மாமி இன்னும் குனிந்து ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான், தூரத்தில் பிற்பகல் தொழுகைக்கு, அசருக்குப் பாங்கு தொடங்கியது, ரெண்டு பேரும் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்கள். “ஒன் மாமா கொழும்புல இருந்தாங்க. நான் கடுதாசி எழுதுனா எங்க மாமியா கொண்டாடி இங்கன்னு வாங்கி, கண்ணாடியப் போட்டுக்கிட்டு, கூடத்துல எல்லாரும் கேக்க ஓதுவா. அப்புறம்தான் தபால் பொட்டிக்குப் போவும்” என்றாள் மாமி, யாரிடமோ சொல்கிற மாதிரி. “நல்லாயிருக்கோம், நல்லாயிருக்கோம்னுதான் எழுதுனேன். வேற என்ன எழுத.” பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்து, மாவு படாத சுண்டுவிரலால் தட்டி, மைக்கு படத்தைத் திறந்து சபூராவின் வாய்ப்பக்கம் நீட்டினாள். “நேரமாவுது. அவன் காத்திருப்பான். பேசு.”

அஸ்ஸலாமு அலைக்கும். நல்லாயிருக்கோம். புள்ள நல்லாயிருக்கா. தூங்குறா. அதற்கு மேல் வழக்கமாக ஒடம்பப் பாத்துக்குங்க வர வேண்டும். வரவில்லை. போனில் கோடுகள் துடிக்காமல் சமமாக ஓடிக்கொண்டிருந்தன, பேசாததும் பதிவாகிறது, பேசாததும் கடல் தாண்டிப் போகும், அவர் அங்கே நின்றுகொண்டு இந்த அமைதியைக் கேட்பார், ஐஸ் வண்டி மணியைக் கேட்பார். மாமி தாடையில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சபூரா கண்ணைத் தரைக்குத் தாழ்த்தினாள். கடுதாசியின் ஓட்டை வழியே சிமெண்டுத் தரை தெரிந்தது, அதில் ஒரு எறும்பு, ஓட்டையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்துகொண்டிருந்தது. “வந்துடுங்க” என்றாள். சொன்னது தான்தானா என்று சந்தேகமாக இருந்தது. “ரெண்டு வருஷம் வேணாம் மச்சான். மாடி கெடக்கட்டும். எனக்கு… புள்ளைக்கு ஒங்கள அடையாளம் தெரியல. போனத்தான் வாப்பாங்குறா. ஒங்களப் பாத்தா அழுவா, அழட்டும், வந்து அழவைங்க. எனக்குந்தான். அவ்வளவுதான்.” நிறுத்துவது எப்படி என்று தெரியாமல் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். மாமி மெதுவாகப் போனை வாங்கினாள். சுண்டுவிரலால் நிறுத்தினாள். திரையில் ஒரு பக்கம் அழிக்கிற குப்பைத் தொட்டிப் படம், ஒரு பக்கம் அனுப்புகிற பச்சை அம்பு. மாமி நடுவில் இருந்ததை அழுத்தினாள், முதலில் கேட்க வேண்டுமல்லவா, கேட்காமல் எதையும் அனுப்பியதில்லை. கொல்லைப் பக்கம் போகவில்லை, காதோடும் வைக்கவில்லை. கூடத்தில், இவள் எதிரிலேயே கேட்டாள். அந்தக் குரல் யாருடையதோ மாதிரி மெல்லிசாக, ஆனால் உடையாமல் வந்தது. வந்துடுங்க. மாமியின் முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. அழவைங்க. எனக்குந்தான். அவ்வளவுதான். முடிந்தது. மாமியின் கட்டைவிரல், மாவோடு, திரைக்கு மேலே ரெண்டு படத்துக்கும் நடுவில் நின்றது.

“மிஸ்ரியான்னு அவன் சொல்லல” என்றாள் மாமி. விரல் அப்படியே நின்றது. “அவன் வேற என்னமோ சொன்னான். ஒம் பேரையும் அவன் பேரையும் சேத்தாப்புல, புதுசா. வாயில நுழையல. அது எங்க உம்மா பேரு, மிஸ்ரியா. நாந்தான் வச்சுட்டேன்.” சபூராவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பிறகு வரலாம், ராத்திரி பாத்திரம் கழுவுகிறபோது வரலாம், இப்போது வந்தது வேறொன்று, உடம்பு முழுக்க ஓடுகிற அந்தக் குறுகுறுப்பு, சாக்குக்குள் கையை விடும்போது வருமே அது. “என்ன பேரு மாமி?” முகத்துக்கு நேராகப் பார்த்துக் கேட்டுவிட்டாள். “யாருக்கு ஞாபகம் இருக்கு” என்றாள் மாமி. கட்டைவிரல் பச்சை அம்பின் மேல் இறங்கியது, முத்திரை குத்துகிற மாதிரி, ஒரு அழுத்து அழுத்தி எடுத்தது. “வந்தா கேட்டுக்க.” முழங்காலில் கையூன்றி எழுந்து, தொழுகைக்கு ஒளுச் செய்யக் கிணற்றடிக்குப் போய்விட்டாள், போனைத் தரையிலேயே விட்டுவிட்டு. தூளிக்குள் சிணுங்கல் தொடங்கியது. சபூரா கயிற்றை இழுக்க மறந்து, போன் மேல் குனிந்தாள். ஒரு சரிக் குறி விழுந்தது, பின்னாலேயே இன்னொன்று. கண்ணாடியில், அம்பு இருந்த இடத்தில், அரிசி மாவில் ஒரு ரேகை பதிந்திருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. முழு வட்டமாக இருந்தது.